நன்றியுரையும் பாயிரமும்: தமிழ் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முன்பக்கங்கள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பல்கலைக்கழகங்களில் அளிக்கப்பெறும் தமிழ் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் நன்றியுரை ஒரு சடங்குப் பக்கமாகவே கருதப்படுகிறது. எவரும் மேற்கோள் காட்டாத அப்பக்கத்தை ஓர் உரைநடை வகைமையாகக் கொண்டு, தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தோடும் நன்னூற் பாயிரத்தோடும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. அறிவு யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டிய பக்கம், இசைவு யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லும் பக்கமாகியிருப்பதையும், அம்மாற்றத்தில் உடன்பயில்வோரின் இடம் சுருங்கியதையும் இது விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: நன்றியுரை, பாயிரம், ஆய்வேடு, நெறியாளர், உடன்பயில்வோர், உதவித்தொகை

1. வாசிக்கப்படாத பக்கம்

ஓர் ஆய்வேட்டைக் கையிலெடுப்பவர் முதலில் பொருளடக்கத்தைத் தேடுகிறார். அடுத்து முடிவுரையைப் புரட்டுகிறார். தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, நன்றியுரை ஆகியன விரலால் தள்ளப்படுகின்றன. ஆய்வேட்டின் மின்படியைச் சமர்ப்பிக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் விதித்த பின்னர், காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் பேணிவரும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் இப்பக்கங்கள் தனித்தனிக் கோப்புகளாகவே இடம்பெறத் தொடங்கின. நன்றியுரை ஆய்வேட்டிலிருந்து பிரிந்து, தனக்கென ஓர் எண்ணும் பெயரும் உடைய கோப்பாயிற்று. அதனைத் திறந்து வாசிப்பதற்குத்தான் காரணம் இல்லாமற் போயிற்று.

வாசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் ஆய்வேட்டின் உரைநடையில் தன்மை ஒருமை இல்லை. எழுதியவர் தம்மை 'ஆய்வாளர்' எனப் படர்க்கையில் சுட்டிக்கொள்வார். அல்லது 'ஆராயப்பட்டுள்ளது', 'நிறுவப்படுகிறது' எனச் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துகொள்வார். முந்நூறு பக்கங்களுக்கு நீளும் ஏட்டில் அவர் தம் குரலில் பேசும் இடம் நன்றியுரை மட்டுமே. உறுதிமொழியிலும் தன்மை ஒருமை உண்டு என்றாலும் அதன் வாசகம் பல்கலைக்கழகம் வகுத்துத் தந்தது. எனவே ஆய்வு மாணவர் என்னும் மனிதரைப் பற்றி ஆய்வேடு தரும் சான்று இந்த இரண்டு மூன்று பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இக்கட்டுரை எண்ணிக்கை சார்ந்த ஆய்வன்று. தமிழகப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுபெற்ற கல்லூரிகளிலும் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் நெடுங்காலமாகத் திரும்பத் திரும்பக் காணப்படும் பொதுவடிவமே இதன் பொருள். தனி ஆய்வேடு எதுவும் சுட்டப்பெறவில்லை. நன்றி கூறியவரின் சொற்களை அவர் பெயரோடு எடுத்துத் திறனாய்வுக்கு உட்படுத்துவது முறையாகாது.

2. பாயிரம் எழுதத் தகுதியுடையோர்

முனைவர் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்த வழி ஐரோப்பிய வழி. செருமானியப் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்ற அப்பட்டம் இங்கிலாந்தில் 1917இல்தான் ஆக்சுபோர்டில் இடம்பெற்றது. 1857இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் இலண்டன் முறையைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இயங்கியது. கற்பிக்கும் துறைகள் பின்னரே வந்தன. ஆய்வேட்டின் வடிவம் புதிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூலின் முன் அமைந்து நூலைப் பற்றிப் பேசும் பனுவல் தமிழுக்குப் புதிதன்று.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தைப் பாடியவர் தொல்காப்பியர் அல்லர், பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒருங்கு பயின்றவர் என்பது உரைமரபு. நூல் அரங்கேறியது நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில். நூலைக் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான். இன்றைய பல்கலைக்கழகச் சொற்களில் இதனைப் பெயர்த்தால், புறத்தேர்வாளர் முன்னிலையில் பொது வாய்மொழித் தேர்வு நிகழ்ந்திருக்கிறது. அந்நிகழ்வின் பதிவை எழுதியவர் உடன்பயின்ற ஆய்வாளர். நூலாசிரியர் தம் நூலின் முகப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை.

நன்னூல் இதனை விதியாகவே வகுத்தது. எத்துணை அரிய நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால், சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர்களாக நால்வரைப் பவணந்தியார் குறிக்கிறார்: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், அந்நூலுக்குத் தக்க உரைகாரன். பாயிரம் தெரிவிக்க வேண்டிய செய்திகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 11. இவற்றுள் எதுவும் நன்றி அன்று. நூலாசிரியன் யாருக்குக் கடன்பட்டவன் என்பதைவிட, நூல் எங்கிருந்து வந்தது, யார் முன் நின்றது என்பதே பாயிரத்தின் அக்கறை.

இங்கு நச்சினார்க்கினியர் சொல்லும் கதை நினைக்கத்தக்கது. உலோபாமுத்திரையை அழைத்து வரத் தொல்காப்பியரை அனுப்பிய அகத்தியர், நான்கு கோல் நீள இடைவெளி விட்டு வரவேண்டும் என ஆணையிட்டார். வையை வெள்ளத்தில் அவர் இழுத்துச் செல்லப்படும் நிலை நேர்ந்தபோது தொல்காப்பியர் மூங்கிற்கோலை நீட்டிக் கரையேற்றினார். ஆணை மீறப்பட்டது எனச் சினந்த ஆசிரியர் இருவரையும் சபித்தார். அவர்களும் திருப்பிச் சபித்தனர். அச்சினத்தால், தொல்காப்பியன் செய்த நூலைக் கேளற்க என அதங்கோட்டாசானிடம் அகத்தியர் கூறினார். அவரோ இரு தரப்புக்கும் அஞ்சி, நூலைக் கேட்டுக் குற்றம் கூறுவதென முடிவு செய்தார். கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை பகர்ந்தார்.

கதையின் வரலாற்றுண்மையை இங்கு ஆராய வேண்டியதில்லை. நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையே முறிவு நேர்ந்தால் நூல் என்னவாகும் என்னும் கேள்வியை உரைமரபு எழுப்பிப் பார்த்திருக்கிறது என்பதே முதன்மையானது. அம்மரபு தந்த விடை, தேர்வாளர் கேட்க இசைந்தால் நூல் நிற்கும் என்பது. சிறப்புப்பாயிரத்தில் அகத்தியர் பெயர் இல்லை என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அகத்தியர் பற்றிய கதை பிற்காலத்தது என்பதற்கு அதனைச் சான்றாக்குவதும் உண்டு. நன்றியுரையின் நோக்கிலிருந்து பார்க்கும்போது அதற்கு வேறொரு பொருளும் கிடைக்கிறது. தமிழின் முதல் இலக்கண நூல் நெறியாளர் பெயரில்லாத முன்பக்கத்தோடு நம்மை வந்தடைந்திருக்கிறது.

3. நன்றியுரையின் வரிசையும் வினைகளும்

பாயிரத்துக்குரிய பணியை ஆய்வேட்டில் இரு பனுவல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆசிரியன் எழுத வேண்டிய பகுதி நெறியாளர் சான்றிதழாகிவிட்டது. அதில் இரண்டு மூன்று தொடர்களே இருக்கும். இது இன்னாரின் சொந்த முயற்சி என்றும், இதற்கு முன்னர் வேறு எப்பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை என்றும் அவை கூறும். பாயிரம் நூல் இன்னது எனக் கூறியது. சான்றிதழ் நூல் எதுவன்று எனக் கூறுகிறது. கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காக 2018இல் மானியக் குழு கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் ஒப்புமை அளவை விழுக்காட்டில் வரையறுத்து, 10 விழுக்காடு வரை தண்டனையில்லை என்றன. இதனால் எதிர்மறைச் சான்றிதழ் மேலும் ஒன்று கூடியது. மாணவரோடு பல ஆண்டுகள் உடனிருந்த ஆசிரியர், அந்நூலில் புதியது யாது என்று ஒரு தொடரேனும் எழுதுவதற்கு ஆய்வேட்டில் இடமில்லை. இது மரபின் பேரிழப்புகளுள் ஒன்று. இதனை எவரும் இழப்பாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியவற்றையெல்லாம் மாணவர் எழுதும் நன்றியுரை சுமக்கிறது. அதன் வரிசை தமிழாய்வு வட்டத்தில் எவருக்கும் தெரிந்ததே. கடவுளோ தமிழன்னையோ முதலில் வருவர். ஈன்றெடுத்த பெற்றோர் அடுத்து. அதன்பின் துணைவேந்தர், பதிவாளர், கல்லூரியாயின் தாளாளர், செயலர், முதல்வர். பிறகு துறைத்தலைவர். அவரையடுத்து, சில வேளைகளில் ஒரு முழுப் பத்தியில், நெறியாளர். முனைவர் குழு உறுப்பினர்கள், துறைப் பேராசிரியர்கள், நூலகர்கள் தொடர்வர். பக்கத்தின் அடிப்பகுதியில் நண்பர்களும், கணவர் அல்லது மனைவி மக்களும், இறுதியில் கணினியில் தட்டச்சு செய்து கட்டமைத்துத் தந்தவரும் நிற்பர்.

இவ்வரிசை உதவியின் அளவைக் காட்டவில்லை. துணைவேந்தரை ஆய்வு மாணவர் பட்டமளிப்பு விழாவிலன்றி நேரில் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு. அவ்வாறிருந்தும் அவர் மூன்றாம் நிலையில் நிற்கிறார். நள்ளிரவில் பிழை திருத்திய அறைத்தோழர் பதினெட்டாம் நிலையில் நிற்கிறார். வரிசையை ஆளும் விதி, ஆய்வேட்டின் பயணத்தை நிறுத்தக்கூடிய ஆற்றல் யாருக்கு எவ்வளவு உண்டு என்பதே. கையொப்பமிட மறுக்கக்கூடியவர் மேலே வருகிறார். மறுக்க எந்தக் கையொப்பமும் இல்லாதவர் கீழே போகிறார். ஈன்றோர் மட்டும் இவ்விதிக்கு விலக்கு.

பெயர்களைவிட வினைகள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. இசைவளித்தல், வாய்ப்பு நல்குதல், நெறிப்படுத்துதல், ஊக்குவித்தல், உறுதுணையாக நிற்றல், தக்க நேரத்தில் உதவுதல், இன்முகத்துடன் வரவேற்றல் என நன்றியுரையின் வினைக்களஞ்சியம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். மறுத்தல், வினவுதல், கருத்து வேறுபடுதல், இயலைத் திரும்ப எழுதச் சொல்லுதல் போன்ற வினைகள் அதில் பெரும்பாலும் இல்லை. ஆய்வு என்பது இவ்வினைகளால் நிகழ்வது. எந்தப் பாடவேறுபாட்டை நெறியாளர் சுட்டினார், எந்தக் கருதுகோளைக் கைவிடச் செய்தார், எந்த நூலைக் கையில் கொடுத்தார் என்பதை நன்றியுரை சொல்லுமானால் அது அறிவு வரலாற்றின் ஆவணமாகும். 'தந்தையாய், தாயாய்' எனத் தொடங்கும் புகழ்ச்சியில் அச்செய்திகள் கரைந்துவிடுகின்றன. இசைவளிப்பது ஓர் அலுவலகக் கடமை. அதனை உதவியாகப் போற்றும் மொழி, கடமையைக் கருணையாக்கிவிடுகிறது.

மாணவர் மீது இதற்குப் பழி சுமத்துவது எளிது, ஆனால் நியாயமாகாது. நன்றியுரை சமர்ப்பிப்புக்கு முன் நெறியாளரின் பார்வைக்குச் செல்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு வருவோர் கையிலும் அது இருக்கிறது. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவரே முதல் வாசகர். இந்நிலையில் எழுதப்படும் எப்பனுவலும் கட்டற்றதாக இருக்க இயலாது. ஆய்வேடு நூலாக அச்சேறும்போது நேரும் மாற்றம் இதனை மெய்ப்பிக்கிறது. அப்போது எழுதப்பெறும் முன்னுரையில் துணைவேந்தரும் பதிவாளரும் தாமாகவே மறைந்துவிடுவர். நண்பர்கள் இரண்டாம் பத்திக்கு உயர்வர்.

ஆசிரியனை அணுகும் முறைக்கு நன்னூல் கூறும் உவமை, குளிர்காய்பவன் நெருப்பிடம் காக்கும் தொலைவு. மிக நெருங்கினால் சுடும்; மிக விலகினால் குளிர் போகாது. நன்றியுரையின் மொழியில் இந்த இடைவெளி கூட்டல் குறைதலின்றிக் காக்கப்படுகிறது. பவணந்தியார் கற்பதற்காகச் சொன்ன தொலைவு இங்குப் பிழைத்திருப்பதற்கான தொலைவாகிவிட்டது.

4. காற்கூறு

நன்னூற் பாயிரத்தில் மாணவரைப் பற்றிய பகுதி பெரும்பாலும் அன்னம், பசு, கிளி, இல்லிக்குடம், எருமை என்னும் உவமைகளுக்காகவே நினைவுகூரப்படுகிறது. பள்ளிப் பாடநூல்கள் பரப்பிய நினைவு அது. அதே பகுதியில் இன்னொரு கணக்கு உண்டு. ஆசிரியன் சொன்னதை மாணவன் முழுமையாக உள்வாங்கினாலும் அவன் பெறுவது அறிவின் காற்பங்கே. இன்னொரு காற்பங்கு உடன்பயில்வோரோடு பழகுவதால் வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இலக்கண நூல், நெறியாளரின் பங்கை 25 விழுக்காடு என வரையறுத்து, உடன்பயில்வோருக்கும் அதே 25 விழுக்காட்டை அளித்திருக்கிறது.

இக்கணக்கை நன்றியுரையின் மீது வைத்துப் பார்த்தால் அதன் குறை துலங்குகிறது. நெறியாளருக்கு அறிவின் முழுமையும் உரித்தாக்கப்படுகிறது. உடன்பயில்வோர் அறிவின் கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் 'உற்சாகமூட்டிய', 'மெய்ப்புத் திருத்த உதவிய' நண்பர்கள். அகப்பொருளில் முதற்பொருள் பற்றிய இயலின் வாதம் விடுதி மாடத்தில் ஒரு நண்பர் எழுப்பிய மறுப்பிலிருந்து பிறந்திருந்தாலும், அந்நண்பர் மெய்ப்புத் திருத்தியவராகவே பதிவாவார்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இங்கு ஒப்பிடத்தக்கது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் 1942இல் மறைந்ததால் முற்றுப்பெறாது நின்ற அந்நூலின் பெரும்பகுதி ஒரு மாணவனின் வாழ்க்கை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கொண்ட பக்தி எல்லையற்றது. ஆசிரியரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியவர் அவர். அவ்வளவு பக்தியும் உடன்கற்றவர்களை மறைத்துவிடவில்லை. சவேரிநாத பிள்ளை முதலியோர் அந்நூலில் உருவமும் குரலும் உடைய மனிதர்களாக வருகின்றனர். பாடம் கேட்ட இடம், பாடல்களை ஏட்டில் எழுதிய முறை, ஆசிரியருக்கிருந்த பணமுடை, திருவாவடுதுறை மடத்தின் ஆதரவு ஆகியன எல்லாம் பதிவாகியுள்ளன. முதுமையில், ஆசிரியரின் கையொப்பம் தேவைப்படாத நிலையில் எழுதியவருக்கு அவ்வுரிமை இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

உடன்பயில்வோரின் காற்பங்கு இன்று நன்றியுரையில் மட்டும் சுருங்கவில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நிறுத்தின. அப்பட்டத்தின் மீது குறைகள் கூறப்பட்டதுண்டு. வேலைக்கான தகுதிச் சான்றாக அது தேய்ந்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் தமிழ்த்துறைகளில் ஒரு தொகுதி மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து, ஒரே காலத்தில் முதல் ஆய்வேட்டை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்த பருவம் அதுதான். முனைவர் பட்டத்துக்கான பாடநெறித் தாள்கள் தொடர்கின்றன. அவற்றை எழுதுவோர் வெவ்வேறு காலத்தில் பதிந்து, வெவ்வேறு நெறியாளரின்கீழ்ச் சிதறியிருப்போர். அடுத்த பத்தாண்டில் எழுதப்பெறும் நன்றியுரைகளில் நண்பர்களின் பத்தி இன்னும் குறுகுமா என்பதைக் கண்காணிக்க வேண்டும்.

கருத்தரங்குகளும் அப்பங்கை ஈடுசெய்யவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டும் அளித்திருக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதி, தமிழ்க் கருத்தரங்குகளைச் சான்றிதழ் வழங்கும் சந்தைகளாக்கியது. தலையணை கனத்தில் தொகுதிகள் வந்தன. ஐந்து நிமிடத்தில் கட்டுரை வாசிக்கப்பட்டது. கேள்வி கேட்க நேரமில்லை. 2022இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டபோதிலும் பழக்கம் எளிதில் நீங்குவதாயில்லை. கற்றதை எடுத்துரைப்பதால் வரும் அரைப்பங்கு என நன்னூல் கூறியது இத்தகைய வாசிப்பை அன்று.

5. நன்றிக்கடனும் கடனும்

நன்றியுரையில் 'கடன்' என்னும் சொல் அடிக்கடி பயில்கிறது: நன்றிக்கடன், கடப்பாடு, கடமைப்பட்டுள்ளேன். எல்லாம் உருவகக் கடன்கள். பணக்கடன் அதில் தோன்றுவதில்லை, தோன்றினாலும் 'பொருளுதவி செய்த' என்னும் ஒற்றைத் தொடரோடு நின்றுவிடுகிறது.

பணத்தின் நிலை வேறு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அத்தகுதி பெறாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015 அக்டோபரில் அதனையும் நிறுத்த மானியக் குழு முனைந்தபோது, தில்லியில் மாணவர்கள் குழுவின் அலுவலகத்தையே முற்றுகையிட்டுப் போராடினர். மாநிலப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவருக்கு அந்த 8,000 ரூபாயும் உரியதன்று. உதவித்தொகை எதுவுமின்றி முழுநேர ஆய்வாளராகப் பதிந்தோர் பலர். தனியார் கல்லூரியில் குறைந்த ஊதியத்துக்குக் கற்பித்தபடி பகுதிநேரமாகப் பதிந்தோர் அவர்களினும் பலர். கட்டணம், களப்பணிச் செலவு, தட்டச்சு, ஒளியச்சு, நூற்கட்டு, வாய்மொழித் தேர்வு நாளில் வருவோருக்கான விருந்து என ஒவ்வொன்றும் ஒரு செலவு.

இச்செலவை நன்றியுரையிலிருந்து மீட்டெடுக்க இயலும்; ஆனால் ஓரங்களைப் படிக்க வேண்டும். தரமணியிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் தென்மாவட்ட ஆய்வேடு ஒன்று நன்றி கூறுமாயின், அப்பெயர்களுக்குப் பின்னால் ஓர் இரவுத் தொடர்வண்டியும் ஒரு நண்பரின் விடுதியறையும் இருக்கின்றன. அடுத்த பத்தியில் 'சென்னையில் தங்க இடமளித்த' எனச் சுட்டப்படும் நண்பரை இந்நூலகப் பெயர்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாமியாருக்கு நன்றி கூறும் பெண் ஆய்வாளரின் தொடரும் அவ்வாறே. முனைவர் பட்டத்துக்கான உச்சவரம்பு 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பும் 240 நாள் வரை மகப்பேற்று, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதியில் உள்ளன. விதி தருவது காலத்தை. அக்காலத்தில் குழந்தையை ஏந்திய கை யாருடையது என்பதை நன்றியுரை மட்டுமே சொல்கிறது.

உருவகக் கடனுக்கும் உண்மைக் கடனுக்கும் இடையிலுள்ள தொலைவை இந்தியா முழுவதும் அறியச் செய்தது ஆய்வேட்டுக்கு வெளியே நின்ற ஓர் ஆவணம். 2016 சனவரி 17 அன்று உயிரிழந்த ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் கடிதத்தில், தமக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயைத் தம் குடும்பத்துக்கு அளிக்குமாறும், நண்பர் ஒருவருக்குத் தாம் தரவேண்டிய தொகையைத் தீர்க்குமாறும் குறிப்புகள் உள்ளன. நண்பர்களிடமும் தம் அமைப்பினரிடமும் அவர் விடைபெறுகிறார். நன்றியுரையில் இடம்பெறும் அதே உறவுகள்தான் அங்கும் இடம்பெறுகின்றன. மேலிடத்தாரின் வரிசை மட்டும் அதில் இல்லை.

6. பாயிரம் அடைத்த கதவு

இதுகாறும் கூறியவற்றால் பாயிர மரபை ஒரு பொற்காலமாகக் கொள்ளலாகாது. நல்லாசிரியனின் இலக்கணத்தை நன்னூல் குலம் என்னும் தகுதியோடு தொடங்குகிறது. பாடம் சொல்லத் தகாத மாணவர் யார் யார் என்றும் நீண்ட பட்டியல் தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் அச்சு நூல்களில் பெருகிய சாற்றுக்கவிகளோ புலவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்த புகழ்வலை. அவற்றிலும் மிகைக்குக் குறைவில்லை. உடன்பயின்றவனுக்குப் பாயிரத்தில் இடமிருந்தது என்றால், உடன்பயில அனுமதிக்கப்பட்டவன் யார் என்பது அடுத்த கேள்வி.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறை அக்கேள்விக்கு வேறு விடையைத் தந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், உழைக்கும் மகளிரின் பிள்ளைகள், பாயிரம் பாடும் அவைகளில் எந்நாளும் அமர்ந்திராத சமூகங்களைச் சேர்ந்தவர்கள் தமிழில் முனைவராயினர். தேய்ந்த தொடர்களுக்கிடையே நன்றியுரை தன் முழு ஆற்றலோடு இயங்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது இம்மாணவர்கள் பெற்றோரைப் பற்றி எழுதும் பத்தி. எழுத்தறியாத தாய், நிலத்தை ஒற்றி வைத்த தந்தை, தன் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போன அண்ணன் அல்லது அக்கா எனச் செய்திகள் அங்குத் திட்டவட்டமாகின்றன. அடைமொழிகள் குறைகின்றன, வினைகள் பெருகுகின்றன. விற்றார், நடந்தார், கட்டினார், காத்திருந்தார். நெறியாளருக்கு வாய்க்காத உரைநடை தாய்க்கு வாய்க்கிறது. கையொப்பமிடும் அதிகாரம் தாய்க்கு இல்லாததும் அதற்கொரு காரணம்.

ஆகவே நன்றியுரையை நீக்கிவிடலாம் என்றோ, ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடலாம் என்றோ கூறுவது இழப்பிலேயே முடியும். நெறியாளர் சான்றிதழ், ஆய்வின் புதுமையைச் சுட்டும் ஒரு பத்தியேனும் கொண்டதாக விரியலாம். நிறுவனப் பதவியினரின் பெயர்கள் தலைப்புப் பக்கத்தில் அமையலாம். அங்கு அவை பாயிரம் கூறும் களமும் காலமும் ஆகும். இயல்தோறும் எழுந்த விவாதங்களில் பங்கேற்றோரை அவ்வியலின் அடிக்குறிப்பிலேயே சுட்டும் வழக்கம் வரலாம். இவற்றுக்குப் புதிய ஒழுங்குமுறை எதுவும் தேவையில்லை. துறைக்குழு ஒன்றின் தீர்மானம் போதும்.

அதுவரை, இருப்பவற்றைப் படிக்க ஒரு வழி உண்டு. ஒரு துறையில் ஒரே பத்தாண்டில் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஓர் ஏட்டில் கடைசிப் பத்தியில் நண்பராக நிற்பவர் மற்றோர் ஏட்டில் தலைப்புப் பக்கத்தில் ஆய்வாளராக நிற்பதைக் காணலாம். அவருடைய நன்றியுரையின் கடைசிப் பத்தியில் முதலாமவரின் பெயர் இருக்கும். இருவர் ஏட்டுக்கும் இறுதி வரியில், பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தட்டச்சரின் பெயர் ஒன்றாகவே இருக்கும்.